மூணாம் நம்பர் கம்பம்

சின்ராசு: ...இல்ல மச்சான், நான் கேக்கத்தான் செய்வேன். இந்தப் புள்ள இப்ப எதுக்கு மல ஏறி வந்துருக்கு?

ராக்கையா: மழைக்கு ஒதுங்க வந்துருக்கு மாப்ளே. ஜீப்புல ஏறி உக்காரட்டும். தெப்பமா நனைஞ்சு நிக்குதுல்ல.

சின்ராசு: எங்க அக்கா மூணு நாளா மண்ணுக்குள்ள கெடக்கு. அது நனையலையா?

ஜெனி: நான் வெளியவே நின்னுக்கிறேண்ணே. பரவால்ல.

ராக்கையா: ஏறு ஆத்தா. அவன் பேச்சக் காதுல வாங்காத. அன்ன ஆகாரம் இல்லாம பொக்லைன் பின்னாலயே ஓடிக்கிட்டு இருக்கான். வாய் மட்டும்தான் மிச்சம். அந்தச் சாக்க இங்கிட்டுத் தள்ளிட்டு உக்காரு. ஏலக்காச் சாக்குதான், கடிக்காது.

சின்ராசு: ஆமா, அது கடிக்காது. காவு வாங்குறதெல்லாம் வேற.

ராக்கையா: மாப்ளே...

சின்ராசு: சரி, பேசல. வாயத் தச்சுக்கிறேன். மேடம், டீ இருக்கு, குடிக்கிறீங்களா? முந்தல் செக்போஸ்டுல வாங்குனது. ஆறித்தான் கெடக்கு.

ஜெனி: வேணாண்ணே. ...என்னை என்னைக்கு நீங்க மேடம்னு கூப்ட்டீங்க?

சின்ராசு: முன்ன ஜெனின்னுதான் கூப்ட்டேன். அப்ப எங்க அக்கா இருந்துச்சு.

ராக்கையா: இப்பவும் இருப்பா. ஏன்டா இல்லாத மாதிரி பேசுற...

சின்ராசு: நீ ஒரு ஆளு. இருக்கும் மச்சான். மல மேல இருந்து சரிஞ்சு எஸ்டேட்டு லயத்து வீடு பூராத்தையும் வழிச்சு எடுத்துட்டுப் போயிருக்கு. ஆறு வீட்டுல ஒரு செவுரு நிக்கல. எங்க அக்கா மட்டும் உள்ள உக்காந்து உலை வச்சுக்கிட்டு இருக்கும். ஒச்சம்மாள்னா மண்ணுக்கும் பயம்னு நெனப்பு!

ஜெனி: சின்ராசண்ணே, போதும். என்னைத் திட்டணும்னா திட்டுங்க. அண்ணனை விடுங்க.

சின்ராசு: உன்னையும் திட்டத்தான் போறேன், அவசரப்படாத. போடியில ஜெபமணி அண்ணாச்சி மகளாச்சே, நம்ம ஏலக்காய எடை போட்டு வாங்குற மனுசன் மகளாச்சேன்னு, வருசம் பூரா உன்னை இந்த ஜீப்புல ஏத்தி இறக்குனேன். சட்டியக் கவுத்து வச்ச மாதிரி வெள்ளத் தொப்பி போட்ட கம்பம். ஏழு கம்பம். ஏழும் என் ஜீப்புல வந்ததுதான். மல லேசா அசைஞ்சாலே மதுரை ஆபீசுக்குத் தெரிஞ்சிரும், ஓடி வந்து உங்கள எல்லாம் கீழ இறக்கிருவோம்னு சொன்னியா இல்லையா?

ஜெனி: சொன்னேன்.

சின்ராசு: தெரிஞ்சுச்சா?

ஜெனி: ...

சின்ராசு: ஏ புள்ள, உன்னத்தான். தெரிஞ்சுச்சா?

ஜெனி: தெரியல.

சின்ராசு: கேட்டுக்க மச்சான். தெரியலையாம். எங்க அக்கா அதுக்குத் தொப்பிக்காரன்னு பேரே வச்சிருந்துச்சு. லயத்துக்கு மேல வரப்போரமா நின்ன மூணாம் நம்பரு. "நம்ம தொப்பிக்காரன் முழிச்சுக்கிட்டு இருக்கான்டா, நீ போயித் தூங்கு"ன்னு சொல்லும். நல்லா முழிச்சான் தொப்பிக்காரன்!

ராக்கையா: அத விடு மாப்ளே. ...ஆத்தா, நானும் ஒண்ணு கேக்கணும்னுதான் இருந்தேன்.

ஜெனி: கேளுங்கண்ணே.

ராக்கையா: அது ஏன் சொல்லல? கோவத்துல கேக்கல. உங்க ஆபீசுல என்ன பேசிக்கிறாங்கன்னு கேக்குறேன். ஏன் சொல்லலைன்னு கண்டுபுடிச்சுட்டாங்களா?

ஜெனி: பேட்டரிண்ணே.

ராக்கையா: பேட்டரியா?

ஜெனி: பேட்டரி எறங்கிப்போச்சு. மழையா இருந்ததால வெயில் தகடு சார்ஜ் ஏத்தல. நான் வந்து மாத்தியிருக்கணும். ...மாத்தல. இன்னிக்கு ஆபீசரு வாக்குமூலம் கேட்டாலும் அதத்தான் சொல்லப் போறேன். என் தப்புதான்.

சின்ராசு: பேட்டரி மாத்தலையா?

ஜெனி: மறந்துட்டேண்ணே.

சின்ராசு: மறந்துட்ட... என்னடி இது, பால் அடுப்புல வச்சத மறந்துட்டேன்ங்கிற மாதிரி சொல்ற? குருவம்மா வீட்டுல நாலு பேரு போயிட்டாங்க. கைப்புள்ளையோட நாலு பேரு! நேத்து அத நான்தான் துணியச் சுத்தி வாங்கினேன், இந்தக் கையில... ஒரு பேட்டரிக்காடி!

ராக்கையா: டேய், டேய், கைய எறக்கு! பொம்பளப் புள்ளகிட்ட...

சின்ராசு: விடு மச்சான். நான் அடிக்கல. இதத் தொட்டா எனக்குத்தான் பாவம். ...தள்ளு, நான் பொக்லைன் பக்கம் போறேன். இங்க உக்காந்து இது மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது.

ராக்கையா: குடைய எடுத்துட்டுப் போடா... மாப்ளே! ...கேக்காமப் போறான் பாரு.

ஜெனி: போகட்டுண்ணே. அவரு சொல்றது சரிதான்.

ராக்கையா: பேட்டரி எறங்கலையே ஆத்தா.

ஜெனி: அண்ணே?

ராக்கையா: மல சரிஞ்ச அன்னைக்கு விடியக் கருக்கல்ல நான் ஏலக்கா ஸ்டோரு வாசல்ல நின்னு பாத்தேன். ராத்திரி பூரா காய் காய வைக்க அடுப்புக்கிட்ட இருந்துட்டு வெளிய வந்தேனா... மழையோட மழையா அந்தத் தொப்பிக்குக் கீழ பச்ச லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. பச்ச எரிஞ்சா நல்லா இருக்கான்னு அர்த்தம்னு நீதான சொன்ன? எனக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு எங்க வீட்டுல சொல்லுவா. உனக்கும் தெரியல.

ஜெனி: அது சரியாத்தாண்ணே ஓடுச்சு. கடைசி வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. அதான் கொடும.

ராக்கையா: ஓடிக்கிட்டு இருந்தா ஏன் சொல்லல?

ஜெனி: அத விட்டுருங்களேன். தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?

ராக்கையா: சொல்லு ஆத்தா. தெரியாம இருக்கிறதுதான் நெஞ்ச அறுக்குது.

ஜெனி: ...மேல ஒரு செயற்கைக்கோள் சுத்துதுன்னு சொன்னேன்ல. ரேடார் வச்சது. அது பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா இந்த மலைக்கு மேல போகும். மேகம், மழ, இருட்டு எதுவும் அதுக்குத் தடை இல்ல. போன தடவ பாத்ததுக்கும் இந்தத் தடவ பாத்ததுக்கும் நடுவுல நெலம் ஒரு விரக்கடை எறங்கியிருந்தாக்கூடக் கண்டுபுடிச்சிரும்.

ராக்கையா: ம்.

ஜெனி: ஆனா அதுக்கு ஏலத் தோட்டம் ஆகாது. எல்லாம் எல. ஆடிக்கிட்டே இருக்கும், மண்ணு தெரியாது. ரோட்டுத் தடுப்புச் சுவரு தெரியும், பாறை தெரியும். அதனாலதான் தோட்டத்துக்குள்ள கம்பம் நட்டோம். அந்தத் தொப்பி, நான் இங்கதான் நிக்கிறேன்னு நூலிழை பிசகாம மதுரைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும்.

ராக்கையா: சரி...

ஜெனி: போன மாசம் வந்த ரேடார் படத்துல நம்ம ரோட்டு வளைவுத் தடுப்புச் சுவரு லேசா வெளிய தள்ளுற மாதிரி இருந்துச்சு. எனக்குத் திக்குன்னுச்சு. ஆபீசுல பெரியவரு கேட்டாரு, அதுக்கு மேல இருக்கிற மூணாம் நம்பரு என்ன சொல்லுதுன்னு. பாத்தேன். மூணாம் நம்பரு நட்ட இடத்துலயே நிக்குது. இம்மி அசையல. மேல இருக்கிறது சந்தேகமா சொல்லுது, கீழ மண்ணுல நிக்கிறது இல்லைங்குது. நாங்க கீழ நிக்கிறதத்தான் நம்புனோம். சுவருதான் வெயிலுக்கு விரிஞ்சிருக்கும்னு எழுதிட்டாங்க. நானும் தலைய ஆட்டுனேன்.

ராக்கையா: அப்ப மண்ணு அசையத்தான் செஞ்சிருக்கு.

ஜெனி: நாலு மாசமா எறங்கியிருக்குண்ணே. கொஞ்சம் கொஞ்சமா. கம்பமும் அது கூடவே எறங்கியிருக்கு, சாஞ்சிருக்கு. ஆனா ஒவ்வொரு மழைக்கும் பெறகு அது திரும்பவும் பழைய இடத்துக்கே வந்துருது. கணக்குல பாத்தா மெதுவா ஒரு எறக்கம், பொசுக்குன்னு ஒரு ஏத்தம். மண்ணு மேல ஏறுமாண்ணே? ஏறாது. அதனால எங்க கம்ப்யூட்டரு, இது தப்பான கணக்குன்னு அந்த ஏத்தத்தையும் கழிச்சிருச்சு, எறக்கத்தையும் கழிச்சிருச்சு. நானும் மாடு கீடு ஒரசியிருக்கும்னு விட்டுட்டேன்.

ராக்கையா: மாடு ஒரசல.

ஜெனி: தெரியும்ணே. போன தடவ வந்தப்ப கம்பத்தடியில பாத்தேன். புதுசா கல்லு செருகி, செம்மண்ணக் கொழச்சு அப்பி, சும்மா சிலையாட்டம் நிமிந்து நின்னுச்சு. நான்கூட போட்டோ எடுத்தேன். எம்புட்டு அக்கறையா வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். அப்பக்கூட எனக்கு மண்டையில ஏறல பாருங்க. நீங்கதானேண்ணே?

ராக்கையா: ...

ஜெனி: அழாதீங்க. நான் கொற சொல்லிக் கேக்கல. சத்தியமா கொற சொல்லல.

ராக்கையா: ...நான்தான்.

ஜெனி: ம்.

ராக்கையா: நான்தான் ஆத்தா. எல்லக்கல்லு மாதிரித்தான் அது எங்களுக்கு. ஒரு மழ பேஞ்சு ஓஞ்சா எஸ்டேட்டு வாட்சருக்கு மொதச் சோலியே அதான். கல்லு கல்லாப் பாத்து, சாஞ்சதெல்லாம் நெம்பி, பழைய இடத்துல நட்டுட்டு வரணும். பலா மரத்துக்கும் அந்த ஆனப்பாறைக்கும் நேர் பாத்து வச்சா இம்மி தப்பாது. அப்பிடித்தான்... அதையும்...

ஜெனி: அது சாயணும்ணே. சாஞ்சாத்தான் அது பேசுனதா அர்த்தம். நீங்க ஒவ்வொரு தடவையும் அதோட வாயப் பொத்தி வச்சுட்டீங்க.

ராக்கையா: இத மொத நாளே சொல்லியிருக்கலாமே தாயி.

ஜெனி: சொல்லியிருக்கணும். எனக்கு அது தோணவே இல்ல. கம்பத்தப் போயி யாரு நிமித்துவாங்கன்னு... நான் இந்த ஊருக்காரிதான? எங்க அப்பா தோட்டத்துலயும் மழைக்குப் பெறகு கல்லத் தூக்கி நிறுத்தத்தான செய்றாங்க? எனக்குத் தோணியிருக்கணும்ல? ...ஆமா, அடியில சிமிட்டித் திட்டோட இருக்குமே. அத ஒத்தையிலயா நெம்புனீங்க? உங்களுக்கு வலது தோளு தூக்க வராதே.

ராக்கையா: கடப்பாரையப் போட்டு... மெல்ல மெல்ல... வலிக்கத்தான் செஞ்சுச்சு.

ஜெனி: அண்ணே, இங்க பாருங்க. இது நமக்குள்ள இருக்கட்டும். அந்தப் போட்டோவ நேத்தே அழிச்சிட்டேன். விசாரிக்க வர்ற ஆபீசருக்குக் கம்பத்துக் கணக்குப் பாக்கத் தெரியாது, நான் பேட்டரின்னே சொல்லிர்றேன்.

ராக்கையா: உன்னை என்ன செய்வாங்க?

ஜெனி: சோலி போகும். கேசு போடுவாங்க. போடட்டும்.

ராக்கையா: உங்க அப்பன் கடையில வச்சுக் காறித் துப்புவாங்களே ஆத்தா, போடியே துப்புமே...

ஜெனி: துப்பட்டும். நீங்கன்னு தெரிஞ்சா குருவம்மா புருசன் உங்கள உசுரோட விடுவாரா? பொண்டாட்டி புள்ளைய எல்லாம் வாரிக் குடுத்துட்டுப் பைத்தியம் புடிச்ச மாதிரி அந்தாளு மண்ணத் தோண்டிக்கிட்டு இருக்காரு. வெறும் கையால. பாத்தீங்கள்ல?

ராக்கையா: பாத்தேன். நேத்து என்கிட்ட வந்து, "அண்ணே, உன் பொண்டாட்டியும் கெடைச்சிருவா, தைரியமா இரு"ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டான். அவன் எனக்கு ஆறுதல் சொல்றான். ...அந்தக் கைய நான் எப்பிடித் தாயி வாங்குறது? நீ ஏன் எனக்காகச் சொமக்கணும்? நான் யாரு உனக்கு?

ஜெனி: மதினி கையால மரவள்ளிக் கப்பையும் காந்தாரி மொளகாச் சட்னியும் எம்புட்டுத் தின்னுருக்கேன். மேல வந்த அன்னைக்கெல்லாம் என்னைத் தின்ன வைக்காம அனுப்புனாங்களா? காரத்துல நான் கண்ணு கலங்கி உக்காந்துருந்தா, "போடிக்காரிக்கு மலக் காரம் ஆகல"ன்னு சிரிப்பாங்களே... அவங்க கிடைச்சுட்டா எனக்கு அது போதும்ணே.

ராக்கையா: மண்ணுக்குள்ள அம்புட்டா எம்புட்டு நேரம் உசுரு இருக்கும் ஆத்தா?

ஜெனி: என்ன கேள்விண்ணே இது...

ராக்கையா: நீ படிச்சவதான. சொல்லு. மொத நாளு இருந்துருக்குமா?

ஜெனி: எனக்குத் தெரியலண்ணே. மரம் கிரம் தாங்கி, காத்துக்குச் சந்து இருந்தா... சில பேரு... தெரியல. அதெல்லாம் நெனைக்காதீங்க.

ராக்கையா: சந்து இருந்தா மொத நாளு இருந்துருக்கும்.

ஜெனி: அண்ணே, வேணாம்.

ராக்கையா: ...நீ எதுக்கு வந்த? அவன் கேட்டதுக்குப் பதிலு சொல்லலையே நீ.

ஜெனி: சொல்ல வாய் கூசுது.

ராக்கையா: சும்மா சொல்லு.

ஜெனி: மூணாம் நம்பரத் தோண்டி எடுத்துட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்காங்க. அதுக்குள்ள கடைசிக் கணக்கெல்லாம் இருக்காம். மண்ணு இழுத்துட்டுப் போகும்போதும் அது பேசிக்கிட்டே போயிருக்கு. நின்ன பெறகும் கொஞ்ச நேரம் பேசிட்டுத்தான் அடங்கியிருக்கு. எங்க நின்னுச்சுன்னு என் போனுல புள்ளி இருக்கு. ஆளத் தேடுற எடத்துல நான் போயி மிசினத் தோண்டுங்கன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பேன்?

ராக்கையா: எங்கிட்டு இருக்கு?

ஜெனி: என்னது?

ராக்கையா: அந்தப் புள்ளி.

ஜெனி: லயம் இருந்த எடத்துக்கு இடது கைப் பக்கம், ஓடைய ஒட்டி. இவங்க தோண்டுற எடத்துல இருந்து ரொம்பத் தள்ளி. நடுவுல பெரிய பாறையெல்லாம் உருண்டு கெடக்குல்ல, அதுக்கும் அங்கிட்டு.

ராக்கையா: ஓடப் பக்கமா... அங்க யாரும் தோண்டலையே?

ஜெனி: இல்லண்ணே. அங்க வீடே கெடையாதே, யாரு தோண்டுவா?

ராக்கையா: ம். தோண்ட வேணாம்.

ஜெனி: நானும் தோண்டச் சொல்லப் போறதில்ல. மதினி கிடைக்கிற வரைக்கும் பொக்லைன் வீட்டுப் பக்கமே நிக்கட்டும். ஆனா அண்ணே, ஒண்ணுதான் உறுத்துது. உங்க வீட்டத் தரை வரைக்கும் எடுத்துட்டாங்களாமே. கட்டில் வந்துருச்சு, அண்டா வந்துருச்சு. அவங்க வேற எங்கயாச்சும் போயிருப்பாங்களா? பக்கத்து வீட்டுக்கு, வெளிய கிளிய...

ராக்கையா: கருக்கல்ல எங்க போவா? வீட்டுலதான் இருந்தா.

ஜெனி: நீங்க ஸ்டோர்ல இருந்தீங்களே, எப்பிடித் தெரியும்?

ராக்கையா: வீட்டுலதான்னு சொல்றேன்ல!

ஜெனி: சரிண்ணே. சரி.

ராக்கையா: ...கத்திப்புட்டேன். மனசுல வச்சுக்காத.

ஜெனி: இல்லண்ணே. ...சின்ராசண்ணன் ஓடி வர்றாரு. என்னமோ கெடச்சிருச்சு போல. எந்திரிங்க, எந்திரிங்க!

ராக்கையா: கெடைச்சா நடந்து வருவான். ஓடி வர மாட்டான்.

சின்ராசு: மச்சான்! மச்சான், கீழ எறங்கு! வெரசா வா!

ராக்கையா: என்னடா?

சின்ராசு: நிப்பாட்டச் சொல்லிட்டாங்க. மேல இன்னொரு வெடிப்பு விட்டுருக்காம். சாயங்காலம் பெருமழ வருதாம். அதுக்குள்ள எல்லாரும் எறங்கிறணுமாம். பொக்லைன்காரன் வண்டியத் திருப்பிட்டான். தீயணைப்புக்காரங்க கயித்தச் சுருட்டுறாங்க. இனி வர மாட்டாங்க மச்சான். அந்த ஆபீசரு என்கிட்டயே சொல்லிட்டாரு, இருக்கிறவங்கள இறக்கணும், இனிமே தேட ஆளு அனுப்ப முடியாதுன்னு!

ஜெனி: ஒருத்தர் பாக்கி இருக்கும்போது எப்பிடி விட்டுட்டுப் போறது? நான் போயிப் பேசுறேன்.

சின்ராசு: நீ என்னத்தப் பேசுவ? "வீட்டுக்குள்ள ஆளு இல்லப்பா, எங்க தோண்டுறதுன்னு சொல்லு, கடைசியா ஒரு தடவ தோண்டிப் பாக்குறேன்"ங்கிறாரு. எங்கன்னு சொல்லுவ? ...மச்சான், இங்க பாரு. கட்டில எடுத்தாங்கள்ல, அத இப்பத்தான் சேத்தக் கழுவிப் பாத்தேன். போர்வைய நாலா மடிச்சுக் காலு மாட்டுல வச்சிருக்கு எங்க அக்கா. பாயச் சுருட்டி மேல போட்டுருக்கு. தூங்கிக்கிட்டு இருந்தவ போர்வைய மடிச்சு வச்சுட்டா மச்சான் தூங்குவா? அது எந்திரிச்சிருச்சு மச்சான். எந்திரிச்சு எங்கயோ போயிருக்கு! ஸ்டோரு வழியாத்தான எங்க போனாலும் போகணும்? நீ வாசல்லதான இருந்த? உன்னைத் தாண்டாம அது எங்கிட்டுப் போச்சு?

ராக்கையா: மாப்ளே...

சின்ராசு: எனக்கு எங்க அக்கா வேணும் மச்சான். உசுரோட கேக்கல. ஒரு காலு, ஒரு கையாவது... எரிக்கிறதுக்கு ஏதாச்சும் வேணும்ல? நாளைக்கு இந்த எடத்துலயே ஏலச் செடி மொளைச்சிரும், எங்க கெடக்கான்னே தெரியாமப் போயிரும். உன் கால்ல விழுறேன். உனக்கு என்னமோ தெரியுது. மூணு நாளா உன் மூஞ்சியப் பாக்குறேன். சொல்லு மச்சான்.

ராக்கையா: எந்திரிடா... எந்திரி. காலப் புடிக்காத.

ஜெனி: அண்ணே, தெரிஞ்சா சொல்லுங்க. அவங்க வண்டிய எடுக்கிறாங்க.

ராக்கையா: குருவம்மா வீட்டுல மட்டும் நாலு உசுரு. அவ பேர எடுத்தாலே ஊரு மண்ண வாரித் தூத்துமேன்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்துட்டேன். கெடைக்காமயே போயிட்டா நல்லதுன்னுகூட நெனச்சேன். கட்டுன பொண்டாட்டிய... நானு...

சின்ராசு: என்ன மச்சான் சொல்ற? யாரு பேர?

ராக்கையா: ஓடு மாப்ளே. போயி அந்தப் பொக்லைன் முன்னால படுத்தாவது அத நிப்பாட்டு. ஆத்தா, உன் போன எடு. அந்தக் கம்பம் கெடக்குற எடத்தக் காட்டு. அங்க தோண்டணும்.

ஜெனி: கம்பமாண்ணே? அது இப்ப எதுக்கு? மதினியத் தேடாம...

ராக்கையா: கருக்கல்ல கடப்பாரையோட ஸ்டோரு வாசல்ல வந்து நின்னா தாயி. "தொப்பிக்காரன் ரொம்பச் சாஞ்சு கெடக்கான், அந்தப் புள்ளைக்குத் திட்டு விழும், நிமித்தி வச்சுட்டு ஓடி வந்துர்றேன்"னு சொன்னா. ஒவ்வொரு தடவையும் நிமித்துனது அவதான், நான் இல்ல. அன்னைக்கும் நான்தான் போயிட்டு வான்னேன். கம்பம் நட்ட அன்னைக்குக் கப்பையத் தின்னுக்கிட்டே சிரிச்சுக்கிட்டுச் சொன்னியே, இது சாயாம பாத்துக்கங்க, சாஞ்சா எனக்குத்தான் கெட்ட பேருன்னு... நீ மறந்துட்ட ஆத்தா. அத நீ என்கிட்டச் சொல்லல. அவகிட்டத்தான் சொன்ன.